நீட்ட நினைத்த கால் ஏன் நிற்கிறது? விளையாட்டில் மனத்தடை பற்றி ஓர் எளிய விளக்கம்

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் நடக்கிற மின்னொளி கபடிப் போட்டிகளைப் பார்ப்பவர்களுக்கு இப்படி ஓர் ஆட்டக்காரரைத் தெரிந்திருக்கும். போன வருடம் வரை போனஸ் (எதிரணிக் களத்தின் உள்கோட்டைக் காலால் தாண்டி எடுக்கும் கூடுதல் புள்ளி) எடுப்பதில் கெட்டிக்காரர். இடையில் கணுக்காலில் அடிபட்டு, மாதக்கணக்கில் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்ப வந்திருக்கிறார். கால் சரியாகிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயிற்சியில் ஓடுகிறார், தாவுகிறார், எந்தக் குறையும் தெரியவில்லை. போட்டி அன்று எதிரணிக் களத்துக்குள் பாடிக்கொண்டு ரெய்டு போகிறார். போனஸ் லைனுக்குக் காலை நீட்ட வேண்டிய நேரத்தில் கால் பாதியில் நின்றுவிடுகிறது. வெறுங்கையோடு திரும்பி வருகிறார். "என்ன மாப்ள, பயந்துட்டியா?" என்று வெளியில் இருந்து குரல் வருகிறது. அவரைக் கேட்டால், "நீட்டணும்னுதாண்ணே போனேன், கால் வரல" என்கிறார்.

அவர் சொல்வது உண்மை. பயமாக இருந்தது என்று அவர் உணரவே இல்லை. ஆனால் உடம்பு ஒரு முடிவை எடுத்துவிட்டது, அவரைக் கேட்காமல். நாம் அறியாமலேயே உள்ளே பதிந்துபோன ஓர் உணர்ச்சி, நம் திறமையை வெளியே வர விடாமல் தடுப்பதைத்தான் மனத்தடை என்கிறோம். ஆழ்மனத் தடை என்றும் சொல்வார்கள். இந்தக் கட்டுரை அது எப்படி உண்டாகிறது, எப்படித் தளர்த்துவது என்பதைப் பற்றியது. விளையாடுகிற பிள்ளைகளுக்கும், அவர்களைப் பயிற்சிக்கு அழைத்துப்போகிற பெற்றோருக்கும், பி.டி. சார்களுக்கும் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காலைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஆண்கள் கபடியில் நடுக்கோட்டில் இருந்து 3.75 மீட்டரில் பால்க் லைன். அதிலிருந்து இன்னும் 1 மீட்டர் உள்ளே போனஸ் லைன். எதிரணியில் 6 பேராவது நிற்கும்போதுதான் போனஸ் உண்டு. ஒரு கால் அந்தக் கோட்டைத் தாண்டித் தரையில் படும் நேரத்தில் இன்னொரு கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். அதாவது அந்த ஒரு நொடியில் உடம்பின் மொத்தப் பாரமும் ஒற்றைக் கணுக்காலில் நிற்கிறது. கார்னரில், அதாவது தடுப்பவர்கள் வரிசையின் ஓரத்தில், குனிந்து நிற்கிறவர் காத்திருப்பதும் அதே காலுக்காகத்தான். அவர் பாய்ந்து இரண்டு கையாலும் கணுக்காலைக் கோத்துப் பிடித்தால் ஆங்கிள் ஹோல்டு. நம் ஆளுக்குப் போன வருடம் கால் பிசகியது இந்த நிலையில்தான். ஆகவே உடம்பு கற்றுக்கொண்ட பாடம் மிகவும் துல்லியமானது. 'கபடி ஆபத்து' என்று அது கற்கவில்லை. 'கார்னர் குனிந்து நிற்கும்போது இந்தக் காலை இவ்வளவு தூரம் நீட்டினால் ஆபத்து' என்று கற்றிருக்கிறது. அதனால்தான் ஓடும்போதும் தாவும்போதும் ஒன்றும் தெரிவதில்லை. பயிற்சியில் கூட்டாளிகள் அவர் காலை மென்மையாகத்தான் பிடிக்கிறார்கள், அதனால் அங்கேயும் தெரிவதில்லை.

இந்தத் துல்லியத்தைப் புரிந்துகொண்டால் மனத்தடையில் பாதி புரிந்துவிடும். 'எனக்குத் தன்னம்பிக்கை இல்லை' என்று பொதுவாகச் சொல்கிறவரிடம், எந்த இடத்தில், எந்த அசைவில், யார் பார்க்கும்போது என்று தோண்டிக் கேட்டால், பெரும்பாலும் ஒரு சின்ன இடத்தில் வந்து நிற்கும்.

உடம்பு எப்படிக் கற்றுக்கொள்கிறது

ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ் நாய்களை வைத்துச் செய்த ஆய்வு பள்ளிப் பாடத்திலேயே வரும். உணவோடு ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பச் சேர்த்துக் கொடுத்தால், பிறகு அந்த ஒலிக்கே நாய்க்கு எச்சில் ஊறும். பலருக்கும் தெரியாத இன்னொரு சம்பவம் அவருடைய ஆய்வுக்கூடத்தில் நடந்தது. 1924 செப்டம்பரில் லெனின்கிராட் நகரத்தில் பெருவெள்ளம். நாய்கள் அடைபட்டிருந்த கூண்டுகளுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. பணியாளர்கள் போராடித்தான் அவற்றை மீட்டார்கள். அதற்குப் பிறகு சில நாய்கள் நன்றாகப் பழகியிருந்த பழக்கங்களை எல்லாம் தொலைத்துவிட்டன. பொறுமையாகப் பழக்கி, பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகு, பாவ்லோவ் ஒரு சோதனை செய்தார். நாய் இருந்த அறையின் கதவுக்கு அடியில் கொஞ்சமாகத் தண்ணீரைக் கசிய விட்டார். அவ்வளவுதான். நாய் நிலைகொள்ளாமல் தவித்தது, திரும்பக் கற்றதெல்லாம் மறுபடியும் காணாமல் போனது.

ஒரு கசிவுத் தண்ணீர் யாரையும் மூழ்கடிக்காது. ஆனால் உடம்பு கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. அடையாளம் தெரிந்ததும் எச்சரிக்கை அடிக்கிறது. மனிதர்களிடம் இந்த வேலையில் முக்கியப் பங்கு வகிப்பது மூளைக்குள் இருக்கும் அமிக்டலா என்ற பாதாம் பருப்பு அளவுள்ள பகுதி. கண்ணும் காதும் கொண்டுவரும் செய்தியை நாம் யோசித்து முடிப்பதற்கு முன்பே அது ஆபத்தா இல்லையா என்று ஒரு தோராய முடிவுக்கு வந்துவிடும். மூச்சு மேலே நின்றுவிடும். இதயம் வேகமாக அடிக்கும். காலை நீட்டும் தசையும் மடக்கும் தசையும் ஒரே நேரத்தில் இறுகும். இரண்டும் சேர்ந்து இறுகினால் மூட்டு விறைத்துப்போகும், அசைவு மெதுவாகும், தூரம் குறையும். பார்வையும் குறுகிப்போய், பக்கத்தில் இருந்து கை கோத்து வருகிற தடுப்பாட்டக்காரர்கள் (செயின்) கண்ணில் படமாட்டார்கள். கால் வரவில்லை என்று அவர் சொன்னது இதைத்தான்.

இதைக் கோழைத்தனம் என்று சொல்வது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதில்லை. அடிபட்ட இடத்தைக் காப்பாற்ற உடம்பு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. ஆபத்து போன பிறகும் அந்தக் காவலை எடுக்காமல் வைத்திருக்கிறது என்பதுதான் சிக்கல்.

இது அபூர்வமும் இல்லை. முழங்காலில் ஏ.சி.எல். தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து, கிளேர் ஆர்டெர்னும் அவர் சகாக்களும் 2014-ல் வெளியிட்டார்கள். ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம். அடிபடுவதற்கு முன்பிருந்த நிலைக்குத் திரும்பியவர்கள் 65 சதவீதம். போட்டி ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 55 சதவீதம்தான். திரும்ப முடியாமல் போனதற்கு மூட்டு மட்டும் காரணம் இல்லை, மறுபடி அடிபடுமோ என்ற அச்சமும் பெரிய காரணம் என்று இந்தத் துறையில் பலரும் கண்டிருக்கிறார்கள்.

உலகமே பார்த்த உதாரணம் சிமோன் பைல்ஸ். 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் குழுப் போட்டியின் வால்ட் பிரிவில் இரண்டரைச் சுற்று சுற்ற வேண்டியவர், ஒன்றரைச் சுற்றிலேயே நின்று தடுமாறி இறங்கினார். காற்றில் இருக்கும்போது தன் உடம்பு எந்தத் திசையில் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாமல் போயிருந்தது. பல போட்டிகளில் இருந்து விலகினார். அவரைப் பரிகசித்தவர்களும் இருந்தார்கள். 2024 பாரிஸில் 3 தங்கமும் 1 வெள்ளியும் வாங்கினார். திறமை எங்கேயும் போயிருக்கவில்லை.

அடிபட்டால்தான் தடை வருமா?

இல்லை. எலும்பில் படுகிற அடியைப் போலவே வார்த்தையால் படுகிற அடியும் பதியும். சொல்லப்போனால் நம் பக்கம் இதுதான் அதிகம் என்பது என் கணிப்பு.

நீளம் தாண்டுகிற ஒரு பெண்பிள்ளையை எடுத்துக்கொள்வோம். மண்டலப் போட்டியில் பலகையைத் தாண்டி மிதித்து மூன்று முறையும் ஃபவுல். நாலு பேர் முன்னால் சார் திட்டுகிறார். வீட்டுக்குப் போகிற வழி முழுக்க பைக்கில் முன்னால் உட்கார்ந்திருக்கும் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "இதுக்குத்தான் லீவு போட்டுட்டு வந்தேனா?" என்று ஒரே ஒரு கேள்வி. அடுத்த போட்டியில் அந்தப் பிள்ளை ஃபவுல் செய்வதில்லை. பலகைக்கு ஒன்றரை அடி முன்னாலேயே எம்பிவிடுகிறது. தூரம் போச்சு. அந்த ஒன்றரை அடிக்குள் இருப்பது அந்த பைக் பயணம்தான். பிள்ளைக்கு அது தெரியாது. "ரன் அப் சரியா வரல சார்" என்றுதான் சொல்லும்.

போலீஸ் வேலைக்கு உடல்தகுதித் தேர்வு எழுதப்போகிற இளைஞர்களிடமும் இதைப் பார்க்கலாம். மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் விடியற்காலையில் ஓடிப் பழகுகிறவர்களில் பலருக்கும் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிப்பது பெரிய விஷயமில்லை. ஆனால் தேர்வு நாளில், நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு வரிசையில் நின்றதுமே வயிறு கலங்குகிறது. முதல் சுற்றிலேயே கண்டபடி வேகமெடுத்து மூன்றாவது சுற்றில் மூச்சிரைத்துப்போகிறார்கள். கயிறு ஏறுகிற இடத்தில் கை வியர்த்து வழுக்குகிறது. அவர்களுக்கு அது வெறும் ஓட்டமில்லை. வாங்கின கடன், தங்கச்சி கல்யாணம், போன தடவை விட்டுப்போன அந்த வேலை எல்லாம் அந்தக் கயிற்றில் தொங்குகிறது.

தடை எப்போதும் பயத்தின் முகத்தோடு வராது என்பதையும் சொல்ல வேண்டும். முக்கியமான போட்டிக்கு முதல் நாள் இரவு கோயில் திருவிழாவில் கச்சேரி முடிகிற வரைக்கும் விழித்திருந்துவிட்டு வருகிற பையன்கள் உண்டு. சோம்பேறித்தனம், பொறுப்பில்லை என்று திட்டுவோம். 1978-ல் எட்வர்ட் ஜோன்ஸ், ஸ்டீவன் பெர்க்லாஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். தோற்றால் 'எனக்குத் திறமை இல்லை' என்று ஆகிவிடுமே என்று அஞ்சுகிறவர், தோல்விக்கு ஒரு காரணத்தை முன்கூட்டியே தயார் செய்துகொள்கிறார். 'தூங்கல, அதான்' என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? இதையும் அவர் திட்டம் போட்டுச் செய்வதில்லை. பெரிய போட்டிக்கு முன்னால் மட்டும் தவறாமல் காய்ச்சல் வருகிற பிள்ளையையும் கொஞ்சம் பரிவோடு பார்க்க வேண்டும்.

நினைக்காதே என்றால் நினைப்பு வரும்

தடையைப் போக்க நாம் வழக்கமாகச் செய்வது இரண்டு. ஒன்று, திட்டுவது. இன்னொன்று, 'அதை நினைக்காதே' என்று சொல்வது.

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொல்லி அனுப்பிய கதை நமக்குத் தெரியும். அந்த ஆள் மருந்தை எடுக்கும்போதெல்லாம் குரங்குதான் வந்து நின்றது. டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை ஆய்வாகவே செய்து பார்த்தார். 1998-ல் வெளியான ஆய்வில், கோல்ஃப் பந்தை ஒரு குறியை நோக்கித் தட்டுகிறவர்களிடம் 'குறியைத் தாண்டிப் போகும்படி மட்டும் தட்டிவிடாதீர்கள்' என்று சொன்னார்கள். கூடவே ஆறு இலக்க எண் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளச் சொல்லி மூளைக்குச் சுமையும் ஏற்றினார்கள். சுமை ஏறியவர்கள் எதைச் செய்யக் கூடாதோ அதையே அதிகம் செய்தார்கள். போட்டி நாளில் மூளைக்கு எவ்வளவு சுமை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் ஓரத்தில் நின்று "பலகையை மிதிச்சிராதே!" என்று கத்துவது அந்தப் பிள்ளைக்கு உதவாது. "கடைசி ரெண்டு ஸ்டெப் வேகமா!" என்று செய்ய வேண்டியதைச் சொன்னால் உதவும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. நன்றாகப் பழகிய அசைவை, நடக்கும்போதே உற்றுக் கவனித்தால் அது கெட்டுப்போகும். சியான் பைலாக் என்ற ஆய்வாளரின் குழு 2002-ல் கால்பந்து ஆடுகிறவர்களிடம், பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும்போது பாதத்தின் எந்தப் பக்கம் பந்தில் படுகிறது என்று கவனித்துச் சொல்லச் சொன்னது. அனுபவசாலிகளுக்கு வேகம் குறைந்தது. புதிதாகக் கற்பவர்களுக்கு அப்படி ஆகவில்லை. தடையில் மாட்டிய ஆட்டக்காரர் தன் காலையே பார்த்துக்கொண்டு ஆடுகிறார். அதனால் தடை இரட்டிப்பாகிறது. முந்தாநாள் வரை தானாக நடந்த வேலையை இப்போது அவர் கையில் எடுத்து நடத்தப் பார்க்கிறார், முடிவதில்லை.

திட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. அடியாத மாடு படியாது என்பதை நம் மைதானங்களில் இன்னும் வேதவாக்காக வைத்திருக்கிறோம். பயத்தால் உண்டான தடைக்கு மேலே இன்னொரு பயத்தை ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு மேலே சொன்ன பைக் பயணமே போதும். பிள்ளை படியும். ஆட்டம் படியாது.

பழைய பாடத்துக்கு மேலே புதுப்பாடம்

சரி, வழி என்ன? முதலில் உடம்பைப் பாருங்கள். எல்லாவற்றையும் மனசு என்று சொல்லிவிடக் கூடாது. எலும்பு மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ பார்த்துக் கால் முழுதாக ஆறிவிட்டது என்று சொன்னாரா, வலுவும் திரும்பியதா? ஆறாத காலை நீட்டாதே என்று உடம்பு சொன்னால் அது சரியான பேச்சு. பெண்பிள்ளைகள் சீக்கிரம் சோர்ந்துபோனால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்ப்பது முதல் வேலை. இரும்புச்சத்துக் குறைவை ஊக்கப் பேச்சால் சரிசெய்ய முடியாது. தூக்கம் போதாதது, இடைவெளி இல்லாமல் பயிற்சி செய்வது இரண்டும் அப்படித்தான்.

இதெல்லாம் சரியாக இருந்தும் தடை இருந்தால், நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் ஆய்வாளர் காட்டிய வழிதான் இன்றைக்கும் அடிப்படை. 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ், பீட்டர் என்று பெயரிடப்பட்ட மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தையின் முயல் பயத்தைப் போக்கினார். குழந்தையை நாற்காலியில் உட்கார வைத்து, அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்தார். அவன் தின்றுகொண்டிருக்கும்போது முயலைக் கூண்டோடு தூரத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். அவன் கலவரப்படாத அளவுக்கு மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்தினார்கள். கடைசியில் அவனே முயலைத் தடவிக்கொடுக்கும் நிலைக்கு வந்தான். 1958-ல் ஜோசப் வோல்பே இதைப் பெரியவர்களுக்கான முறையான சிகிச்சையாக வகுத்து எழுதினார்.

நம் ரெய்டருக்கு இதை எப்படிச் செய்வது? ஆள் இல்லாத மைதானத்தில், தனியாக, பாதி வேகத்தில் போனஸ் லைனைத் தாண்டிக் காலை வைத்து எடுப்பதில் தொடங்கலாம். மூச்சு இயல்பாக இருக்கும் வரை அதையே செய்ய வேண்டும். அப்புறம் கார்னரில் ஒருவர் சும்மா நிமிர்ந்து நிற்கட்டும், கை கட்டிக்கொண்டு. அப்புறம் அவர் குனிந்து நிற்கட்டும், ஆனால் அசையக் கூடாது. இந்த இடத்தில்தான் பலருக்கு முதன்முதலாக நெஞ்சு படபடக்கும். குனிந்த கார்னர்தான் அந்தக் கசிவுத் தண்ணீர். இங்கே அவசரப்படாமல் நாள் எடுத்துக்கொள்ளலாம். பிறகு கார்னர் கணுக்காலைத் தொட்டுவிட்டு விடட்டும். அடுத்து மெதுவாகப் பிடிக்கட்டும், ரெய்டர் முறையாகக் காலை விடுவித்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொடட்டும். பிடிபட்டாலும் ஒன்றும் ஆகாமல் எழுந்து வருவதை உடம்பு பல முறை அனுபவிக்க வேண்டும். கடைசியாக முழு வேகம், முழு அணி, விசில்.

ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பதற்றம் இருக்கத்தான் செய்யும், இருக்கலாம். ஆனால் தாங்க முடியாத அளவுக்கு இருந்தால் அடுத்த படிக்குப் போகக் கூடாது. 'ஒரே நாளில் தூக்கிப் போட்டால் பயம் தெளிந்துவிடும்' என்று நீச்சல் தெரியாத பிள்ளையைக் கிணற்றில் தள்ளிவிடுகிற வழக்கம் நம் ஊரில் உண்டு. சிலர் அதில் நீச்சல் கற்றார்கள் என்பது உண்மைதான். வாழ்நாள் முழுக்கக் கிணற்றுப் பக்கமே போகாதவர்களை நாம் கணக்கில் எடுப்பதில்லை.

நீளம் தாண்டும் பிள்ளைக்கும் இதே முறைதான், படிகள் மட்டும் வேறு. பலகையை எடுத்துவிட்டு, எங்கே எம்பினாலும் சரி என்று சில நாள் தாண்ட விட வேண்டும். பிறகு சுண்ணாம்புப் பொடியால் அகலமான ஒரு பட்டை. அந்தப் பட்டையை மெல்ல மெல்லக் குறுக்கிப் பலகைக்கு வரலாம். இதற்கு இணையாக அப்பாவும் ஒரு வேலை செய்ய வேண்டும். திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, போட்டியைப் பற்றி எதுவும் பேசாமல், பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வாங்கித்தர வேண்டும். எவ்வளவு தாண்டியிருந்தாலும் சரி, ஃபவுல் ஆகியிருந்தாலும் சரி. அந்தப் பயணத்தோடு ஒட்டிக்கொண்ட உணர்ச்சியும் அப்படித்தான் மாறும்.

பதற்றம் எழும்போது கைவசம் வைத்துக்கொள்ள இரண்டு சின்ன உதவிகள் உண்டு. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக வைத்துக்கொண்டால் இதயத் துடிப்பு தணியும். மூச்சை வெளியே விடும்போது இதயத்தை நிதானப்படுத்தும் நரம்பின் வேலை ஓங்குவதுதான் காரணம். ரெய்டு போகும் முன், கயிற்றைப் பிடிக்கும் முன், ஐந்தாறு மூச்சு போதும். இரண்டாவது, உள்ளே இருப்பதற்குப் பெயர் வைப்பது. 2007-ல் மேத்யூ லீபர்மன் குழு நடத்திய ஆய்வில், கோபமும் அச்சமும் தெரியும் முகங்களின் படங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது அமிக்டலாவின் பரபரப்பு குறைந்தது. 'எனக்கு ஒண்ணுமில்லை' என்று மறைப்பதைவிட 'கால் பிசகிருமோன்னு பயமா இருக்கு' என்று நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிடுவது ஆட்டத்துக்கு நல்லது. அப்படிச் சொன்னால் சிரிக்காத ஓர் ஆள் ஒவ்வொரு அணியிலும் இருக்க வேண்டும். பயிற்சியாளரே அந்த ஆளாக இருந்தால் ரொம்ப நல்லது.

மதுரை சக்கிமங்கலத்தில் பாட்டி வளர்ப்பில் வளர்ந்து, வெறுங்காலோடு ஓடத் தொடங்கிய ரேவதி வீரமணி, டோக்கியோ ஒலிம்பிக்கின் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். பொம்பளப் பிள்ளையை எதற்கு ஓட விடுகிறாய் என்று அக்கம்பக்கம் கேட்டபோதும் அந்தப் பாட்டி அனுப்பிக்கொண்டே இருந்தார். இந்தக் கதையை வறுமையை வென்ற கதையாகத்தான் எல்லோரும் சொல்கிறோம். என் கண்ணுக்கு அந்தப் பாட்டிதான் பெரிதாகத் தெரிகிறார். ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரே முகத்தோடு வாசலில் நிற்கிற ஒருவர் வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு, தோல்வி அவ்வளவு பெரிய ஆபத்தாகப் பதிவதில்லை.

போனது திரும்ப வருமா?

வரும். இதைச் சொல்லாமல் விடுவதால்தான் பலரும் மனம் உடைந்துபோகிறார்கள். பயிற்சியில் சரியாகி, இரண்டு மூன்று உள்ளூர்ப் போட்டிகளிலும் சரியாக ஆடி, மாநிலப் போட்டியில் போய் மறுபடி கால் நின்றுவிட்டால், 'அவ்வளவும் வீண்' என்று தோன்றும்.

வீணில்லை. பழைய பயப் பாடம் அழிவதில்லை. 'ஒன்றும் ஆகவில்லை' என்ற புதுப்பாடம் அதற்கு மேலே பதிகிறது, அவ்வளவுதான். அணைந்துபோன பழக்கம் சும்மா ஓய்வு கொடுத்தாலே கொஞ்சம் தலைதூக்கும் என்பதைப் பாவ்லோவே கண்டார். பின்னால் மார்க் பூட்டன் போன்றவர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து இன்னொன்றையும் காட்டினார்கள். பயத்தைக் கற்றது எங்கே என்றாலும் அது எல்லா இடத்துக்கும் கூடவே வரும். பயமில்லை என்று கற்றதோ கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஊர்ப் பொட்டலில் மட்டும் தெளிந்த பயம், வேறு ஊரில் விரித்த மேட் மீது, வேறு விளக்கு வெளிச்சத்தில், தெரியாத கூட்டத்துக்கு நடுவில் திரும்பி வருவது இயற்கை.

அப்படியானால் செய்ய வேண்டியதும் தெளிவு. படிப்படியான பயிற்சியை ஒரே இடத்தில் முடித்துவிடாதீர்கள். செம்மண் தரையில் செய்ததை மேட் விரிப்பின் மீது செய்யுங்கள். பகலில் செய்ததை விளக்கு வெளிச்சத்தில் செய்யுங்கள். பக்கத்து ஊர்ப் பையன்களைக் கூப்பிட்டுக் கார்னரில் நிற்க வையுங்கள். போட்டியில் மைக்செட்காரர் விடாமல் பேசிக்கொண்டே இருப்பார், ஆகவே ஸ்பீக்கர் வைத்துச் சத்தத்தோடு பழகுங்கள். போலீஸ் தேர்வுக்குப் போகிறவர்கள் வாரம் ஒரு நாளாவது நம்பர் குத்தி, வரிசையில் காத்து நின்று, தெரியாத ஒருவர் கையில் விசிலைக் கொடுத்து ஓடிப் பாருங்கள். காத்து நிற்பதும் தேர்வின் ஒரு பகுதி. அதைத்தான் யாரும் பழகுவதில்லை.

நேரில் போக முடியாத இடத்தை மனதுக்குள் போய்ப் பழகலாம். கண்ணை மூடி, அந்த மைதானத்தின் வாசல், சுண்ணாம்புக் கோடு, கூட்டத்தின் இரைச்சல், காலுக்கடியில் மேட் எல்லாவற்றையும் கொண்டுவந்து, கால் நீள்வதை உள்ளிருந்து உணர வேண்டும். வெளியில் இருந்து வீடியோ பார்ப்பது போல அல்ல, தன் கண் வழியாக. கோப்பையை வாங்குவது போலக் கற்பனை செய்யச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. தடை கோப்பையில் இல்லை, காலில் இருக்கிறது. அங்கேதான் மனம் போய்ப் பழக வேண்டும்.

ஒருநாள் திரும்பி வந்துவிட்டால் இரண்டு படி கீழே இறங்கி மறுபடி ஏறினால் போதும். இரண்டாவது தடவை பெரும்பாலும் சீக்கிரம் ஏறிவிடலாம்.

'மூன்றே நாளில் ஆழ்மனத் தடையை வேரோடு நீக்குகிறோம்' என்று கட்டணம் வாங்கும் முகாம்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. வேரோடு நீக்குவது என்று ஒன்று இல்லை என்பதை இதுவரை பார்த்தோம். ஆழ்மனம் என்பது யாரோ ஒருவர் மட்டும் சாவி வைத்திருக்கும் ரகசிய அறையும் இல்லை. காசை அங்கே கொடுப்பதற்குப் பதில் ஒரு நல்ல பிசியோதெரபிஸ்டிடம் கொடுக்கலாம்.

ஆனால் உண்மையான உதவி தேவைப்படுகிற நேரமும் உண்டு. விபத்தோ, அடியோ, யாரோ தவறாக நடந்துகொண்டதோ திரும்பத் திரும்பக் கனவில் வந்தால், மைதானம் என்றாலே பிள்ளை நடுங்கினால், சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் கெட்டால், வாழ்வதிலேயே பிடிப்பில்லை என்று பேசினால், அது மைதானத்தில் தீர்க்க வேண்டிய விஷயமில்லை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே போகத் தயக்கமாக இருந்தால் மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். பிள்ளை தானாக அழைக்கத் தயங்கினால் பெற்றோரோ பயிற்சியாளரோ முதலில் பேசி, எப்படி அணுகுவது என்று கேட்டுக்கொள்ளலாம்.